முட்டைப் பெட்டியும் அசையாத நூறும்

முட்டைகள் ஏழா, எட்டா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. நான் ஏழு என்பேன். அண்ணன் எட்டு என்பான். கோழியின் நிறத்திலும் எங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. அவனுக்கு அது கறுப்பு, எனக்குச் செம்பழுப்பு. இன்னும் சிலவற்றைக்கூட நான் மாற்றிச் சொல்லக்கூடும். ஆனால் ஒருநாள் காலையில் எங்கள் வீடு மொத்தமும் வாயை மூடிக்கொண்டு நின்றது. அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் கோழி இஸ்திரி அக்காவுடையது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் அக்கா தனியாக இருந்தார். என் அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. அவர் தைத்து முடித்த சட்டைகளை அக்கா வாங்கிப்போய், தேய்த்து மடித்துக் கொண்டுவருவார். கூடவே கோழியும் வரும். அக்கா அதோடு பேசிக்கொண்டே நடப்பார்.

"சீக்கிரம் வா. உன்னோட வந்தா எறும்புகூட என்னை முந்திடும்போல."

அந்தக் கோழி ஒருநாள் பால் வண்டியின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

மறுநாள் அக்கா ஒரு கூடையோடு வந்தார். கூடைக்குள் முட்டைகள் இருந்தன.

"அடைக்கு உட்காரப்போற நேரம். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு," என்று அம்மாவிடம் நீட்டினார். "நீங்க சமைச்சுக்குங்க. எனக்கு மனசு வரல."

நான் அதிகம் பேசமாட்டேன். "பேசினா முத்து உதிர்ந்துடுமா?" என்று அம்மா கேட்பார். அண்ணன் எனக்கு வைத்த பெயர் அமுக்குணி. அன்று என்னவோ, யோசிப்பதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சமைக்க வேண்டாம்மா. நான் குஞ்சு எடுத்துத் தர்றேன்."

"நீயா?" என்றான் அண்ணன். "நீயே அடை காக்கப்போறியா? கம்முனு ஒரே இடத்துல உட்கார்றதுக்கு உன்னை விட்டா ஆள் இல்லதான்."

அம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நிஜமாவா பாப்பா?"

"நிஜமா அக்கா."

சொல்லிவிட்டேன். எப்படி எடுப்பது என்று பிறகுதான் யோசித்தேன்.

பெட்டி செய்யாமல் குஞ்சு எடுக்க முடியாது. பெட்டி செய்ய அண்ணன் இல்லாமல் முடியாது. அவனுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் எல்லோரும் அவனை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக்கடையில் கெஞ்சி ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்கிவந்தான். மூடியில் சதுரமாக வெட்டி, உடைந்த படச்சட்டத்தின் கண்ணாடியைப் பதித்தான். காற்றுக்காகப் பக்கங்களில் ஓட்டைகள் போட்டான். உள்ளே ஒரு புது எல்.இ.டி. பல்பை மாட்டினான். வெளிச்சம் கண்ணைப் பறித்தது. கையை வைத்துப் பார்த்தால் சூடே இல்லை.

"நல்லா இருக்கு," என்றார் அப்பா. "முட்டையெல்லாம் உட்கார்ந்து பாடம் படிக்கலாம்."

அண்ணன் முறைத்தான். அப்பா எங்கிருந்தோ ஒரு பழைய குண்டு பல்பைத் தேடி எடுத்து, ஒயரை அவரே பத்திரமாக இணைத்துக் கொடுத்தார். அது மஞ்சளாக எரிந்தது. பெட்டி கதகதவென்று ஆனது.

உள்ளே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். அது இல்லாவிட்டால் முட்டை காய்ந்துவிடும். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டேன். தாய்க்கோழி தன் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதுபோலக் காலை, மதியம், மாலை என்று நான் புரட்டினேன். பேச வேண்டாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

சூடு பார்ப்பதற்கு அம்மாவின் காய்ச்சல் தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கினோம். பாதரசம் உள்ள பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர். மூடியைத் திறக்காமலே படிக்கும்படி அதை உள்சுவரில் ஒட்டினான் அண்ணன். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பாதரசம் மெல்ல ஏறி நூறில் நின்றது.

"நூறு. முட்டைக்கு வேண்டிய சூடு," என்றான். "இனி தெர்மாமீட்டர்ல யாரும் கையை வைக்காதீங்க."

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. நாள்கணக்கில் விடவில்லை. துவைத்த துணி காயவில்லை. அம்மா உறை ஊற்றிய பால் மறுநாள் மாலைதான் தயிரானது. எங்கள் பெட்டி மட்டும் நூறிலேயே இருந்தது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களையெல்லாம் அண்ணன் இழுத்துவந்து காட்டினான்.

"வெளியில எவ்வளவு குளிரு பாருங்க. நம்ம பெட்டி அசையுதா?"

இஸ்திரி அக்கா எதுவும் கேட்கவில்லை. சட்டைகளைக் கொடுத்துவிட்டு, பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு போய்விடுவார். அவர் தனியாக நடந்துபோவதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருக்கும். இப்போது அவர் பேசிக்கொண்டு நடப்பதில்லை.

மூன்று வாரம் முடிந்தது. அன்று காலையிலிருந்து நான் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஒரு முட்டையும் அசையவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள் அப்பா மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"இன்ஜினியர் சார், போதும். அழுகின முட்டை ஒண்ணு வெடிச்சா ஒருத்தன் கடைக்குள்ள வரமாட்டான். தூக்கிப் போட்டுடலாம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "சூடு சரியாத்தான் இருந்துச்சு. முட்டைதான் சரியில்ல."

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது உள்ளே தம்பி சிணுங்கினான். அவனை நாங்கள் வாண்டு என்போம்.

"இவனுக்கு உடம்பு கொதிக்குது," என்றார் அம்மா. "அந்தத் தெர்மாமீட்டரை எடுத்துட்டு வா. உங்க கோழிக்குப் பார்த்தது போதும்."

நான் பிய்த்து எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதை சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு மணிக்கட்டைச் சுண்டிச் சுண்டி நாலைந்து முறை உதறினார்.

"ஏம்மா உதறுற?"

"உதறினாத்தான் இறங்கும். இல்லன்னா முன்னாடி ஏறின சூட்டையே காட்டிட்டு நிக்கும்."

"தானா இறங்காதா?"

"அது உங்க அண்ணன் மாதிரி. ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது."

நான் அப்படியே நின்றேன். வாண்டுவுக்குச் சூடு பார்த்து, மருந்து கொடுத்து முடியும்வரை காத்திருந்தேன். பிறகு தெர்மாமீட்டரைக் கழுவி, அம்மா செய்ததுபோலவே உதறி, பெட்டிக்குள் வைத்தேன். பாதரசம் மெதுவாக ஏறியது. தொண்ணூற்றேழில் நின்றுவிட்டது.

"அண்ணா, இங்க பாரு."

பார்த்தான். கண்ணாடியோடு மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தான்.

"அப்போ இத்தனை நாளா நான் பார்த்த நூறு?"

"அது முதல் நாள் நூறு. மழைக்கு முந்தின நூறு. உதறாததால அங்கேயே நின்னுடுச்சு."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு. எல்லாம் குளிர்ல செத்திருக்கும்."

அப்பா பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"தூக்காதீங்கப்பா," என்றேன். "மழைக்குத் தயிர் உறையலையே, கெட்டாப் போச்சு? லேட்டாத்தானே உறைஞ்சுது?"

"அதுக்கு?"

"இதுவும் லேட்டா வரலாம்ல? சூடு கொறஞ்சா மெதுவா வளரும். அவ்வளவுதானே?"

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"உயிர் இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

"காதுல வெச்சுக் கேட்கலாம். ஆனா எல்லாரும் சும்மா இருக்கணும்."

எங்கள் வீட்டில் அது லேசான காரியம் இல்லை. அப்பா ரேடியோவை நிறுத்தினார். அதற்குள் எழுந்து தையல் மெஷினில் போய் உட்கார்ந்திருந்த அண்ணனை அதிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். அவன் பதற்றமானால் அதில் போய் உட்கார்ந்து மிதிப்பான். அம்மா அடுப்பை அணைத்தார். வாண்டுவுக்கு இருமல் வந்தது. அம்மாவின் தோளில் வாயைப் புதைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து இஸ்திரி அக்கா சட்டைகளோடு உள்ளே வந்தார். அப்பா உதட்டில் விரலை வைத்தார். அக்கா சட்டைகளை மார்போடு அணைத்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதிலும் ஒன்றுமில்லை. யாரும் பேசவில்லை. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது. எனக்கு அந்த அமைதி பழக்கமானதுதான். அவசரப்படாமல் அதற்குள்ளேயே நின்றேன்.

மூன்றாவது முட்டை.

டிக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். டிக், டிக். பிறகு, தூரத்தில் யாரோ கூப்பிடுவதுபோல் மிக மெல்லிய ஒரு கீச்.

நான் நடந்துபோய் அந்த முட்டையை அக்காவின் காதில் வைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அவர் கையிலிருந்த சட்டைகள் ஒவ்வொன்றாக நழுவி விழுந்தன. யாரும் எடுக்கவில்லை.

"உள்ள யாரோ இருக்காங்க அண்ணே," என்றார் அப்பாவிடம்.

அப்பா பெருமூச்சு விட்டார். "இருந்தா இருக்கட்டும். வாடகை கேட்க வேண்டாம்."

அதன் பிறகு வீடு பழையபடி சத்தம் போட ஆரம்பித்தது. அப்பா வெட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுக்க, அதைப் பெட்டியின் வெளிப்பக்கம் சுற்றிக் கட்டினோம். அண்ணன் பல்பைக் கொஞ்சம் கீழே இறக்கினான். இந்த முறை ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டரை உதறிவிட்டுத்தான் பார்த்தான். கை வலித்தும் விடவில்லை. மாலைக்குள் அது நிஜமாகவே நூறைத் தொட்டது.

மறுநாள் மதியம் ஒரு முட்டையில் சிறிய விரிசல் தெரிந்தது.

"நான் லேசா ஓட்டை உரிச்சு விடட்டுமா?" என்றான் அண்ணன்.

"வேண்டாம். மூடியைத் திறந்தா உள்ள காய்ஞ்சுடும். அதுவே வரட்டும்."

"ரொம்ப நேரமாகும்போல இருக்கே."

"ஆகட்டும்."

ஆனது. ஓடு ஒரு வளையம்போல் உடைந்து, நனைந்த பஞ்சுபோல் ஒன்று வெளியே விழுந்தது. கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கு வெளியே இருந்த எங்கள் ஐந்து முகங்களையும் பார்த்தது. அக்காவையும் சேர்த்தால் ஆறு. அவர் அன்று தேய்க்க வேண்டிய ஒரு சட்டையையும் தேய்க்கவில்லை. அப்பா கேட்கவும் இல்லை.

மொத்தம் ஐந்து குஞ்சுகள் வந்தன. வராத முட்டைகளை அப்பா வேலியோரம் குழிதோண்டிப் புதைத்தார். வாண்டுவுக்கு அதற்குள் காய்ச்சல் விட்டிருந்தது. குஞ்சுகளின் பின்னால் ஓடி ஓடி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அண்ணன் வளர்ந்து குளிர்பதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவன் ஆனான். அப்பா கண் மங்கும்வரை தைத்தார். இப்போது அம்மாவோடு அண்ணன் வீட்டில் இருக்கிறார். நான் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். குஞ்சுகளில் இரண்டு சேவல், மூன்று பெட்டை. இஸ்திரி அக்கா அவற்றைத் தன் அறையிலேயே வளர்த்தார். சட்டை கொடுக்க வரும்போது ஐந்தும் வரிசையாக அவர் பின்னால் வரும். ஐந்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்ததால், அக்கா வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவார்.