பொத்தான் காதும் சக்கரமில்லாத ரயிலும்

பொத்தானின் வீட்டில் பகல் முழுக்க எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசுவார்கள். உப்பு எங்கே என்பதையும் கிசுகிசுக்க வேண்டும், ஒரு செருப்பைக் காணோம் என்பதையும் கிசுகிசுக்க வேண்டும். மிக்ஸிக்கு முழுத் தடை. தும்மல் வந்தால் தலையணையைத் தேடி ஓட வேண்டும்.

எல்லாம் அம்மாவுக்காகத்தான். அம்மா மருத்துவமனையில் செவிலியர், அவருக்கு எப்போதும் இரவு வேலை. ஊரெல்லாம் எழுந்து பல் தேய்க்கும்போது அவர் வீட்டுக்கு வருவார். பொத்தான் பள்ளி விட்டு வரும் நேரத்தில் நல்ல தூக்கத்தில் இருப்பார். வீட்டில் இருப்பதோ இரண்டே அறை. நடுவில் இருக்கும் சுவர் பேருக்குத்தான் சுவர்.

பொத்தான் என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. அவள் பிறந்தபோது காதுகளைப் பார்த்த அத்தை, "அடடா, சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கே!" என்றார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. காது சின்னதாக இருந்தால் என்ன, அடுக்களையில் பிஸ்கட் பொட்டலம் பிரிந்தால் வாசல்வரை கேட்குமே!

அந்தக் காதுகள் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது ரயில் பாட்டு வந்த பிறகுதான்.

பள்ளி விழாவில் வாசிக்க இசை மிஸ் தானே ஒரு மெட்டு அமைத்திருந்தார். கீபோர்டில் வலது கை பயணிகளின் கும்மாளம், சீட்டி, சிரிப்பு எல்லாம் வாசிக்கும். இடது கைதான் சக்கரம். தடக் தடக், தடக் தடக் என்று அது விடாமல் உருள வேண்டும்.

பொத்தானின் பயணிகள் பிரமாதமாகச் சிரித்தார்கள். சக்கரம்தான் சொதப்பியது.

"வீட்டுல வாசிச்சுப் பார்த்தியா?" என்று கேட்டார் மிஸ்.

"தினமும் வாசிக்கிறேன் மிஸ். வீட்டுல நல்லாத்தான் வருது. இங்க வந்தா கெட்டுப்போகுது."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க" என்று மிஸ் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "புதன்கிழமை கடைசி ஒத்திகை. அன்னிக்கு ரயில் தடம் புரளாம ஓடினா நீதான் வாசிக்கிறே. இல்லேன்னா ஏழாம் வகுப்பு அக்காவை வாசிக்கச் சொல்றேன். கோவிச்சுக்காதே, என்ன?"

பொத்தான் தலையை மட்டும் ஆட்டினாள். விழாவுக்கென்று அம்மா ஒரு நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தார். "என் பொண்ணு வாசிக்கிறா" என்று மருத்துவமனை முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. அம்மா அந்தப் பாட்டை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் தூங்கும்போதுதானே பொத்தான் வாசிப்பாள், அதுவும் இயர்போன் போட்டுக்கொண்டு.

அந்த இயர்போன் இருக்கிறதே, அது பொத்தானின் காதில் உட்காரவே உட்காராது. வலது பக்கம் செருகினால் இடது பக்கம் விழும். இடதைப் பிடித்தால் வலது விழும். பெரிய ஹெட்போன் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அது நேராகக் கழுத்துக்கு இறங்கி மாலை மாதிரி தொங்கியது.

அன்று மாலை அவள் இயர்போனைக் காதோடு சேர்த்து ஒட்டுப் பட்டையால் ஒட்டினாள். அதன்மேல் தலைப்பட்டையை மாட்டினாள். அதற்கும் மேலே ஒரு துண்டைக் கட்டினாள்.

பள்ளி வேன் ஓட்டிவிட்டு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "யாரு கண்ணு உன்னை அடிச்சது?" என்று பதறிப்போய்க் கிசுகிசுத்தார்.

"யாரும் அடிக்கல. இயர்போன் நிக்க மாட்டேங்குதுப்பா."

"இதுக்கா இவ்வளவு பெரிய கட்டு? நான் பிடிச்சுக்கறேன், நீ வாசி."

அப்பா அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு விரல்களால் இரண்டு இயர்போனையும் உள்ளே அழுத்திப் பிடித்தார். தூரத்தில் இருந்து பார்த்தால் பானையைக் காதைப் பிடித்துத் தூக்குவது போல இருந்திருக்கும்.

பொத்தான் வாசித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"அப்பா, கையை எடுங்க."

எடுத்தார். அவள் வாசித்தாள்.

"இப்ப அழுத்துங்க."

அழுத்தினார். அவள் மறுபடி வாசித்தாள். அவளுடைய கண்கள் பெரிதாயின.

"அப்பா! நீங்க அழுத்தினா சக்கரம் கேக்குது! எடுத்தா காணாமப் போயிடுது! மேல் சுரம் மட்டும் கொசு மாதிரி கேக்குது!"

"மெதுவா, மெதுவா" என்றார் அப்பா. "அப்ப இத்தனை நாளா?"

"இத்தனை நாளா என் இடது கையை நான் கேட்டதே இல்லப்பா. தப்பாவே வாசிச்சிருக்கேன். எனக்குத் தெரியவே இல்ல."

இயர்போன் காதை இறுக்கி அடைக்காவிட்டால் இடது கை வாசிக்கும் தடித்த ஒலியெல்லாம் இடுக்கு வழியே நழுவிவிடும். அதுதான் நடந்திருந்தது. வீட்டில் நன்றாக வந்ததன் மர்மமும் அதுதான். பொத்தானுக்கு அழுகை வரும்போல இருந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. தப்பு கையில் இல்லை, காதும் கெட்டுப்போகவில்லை. நடுவில் இருக்கும் இடுக்கை அடைத்தால் போதும்!

அதற்குள் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் நுனிக்காலில் ஓடினார்கள்.

மறுநாள் அவள் அப்பாவோடு தெருமுனைக் கடைக்குப் போனாள்.

"சின்னக் காதுக்கு இயர்போன் இருக்கா?"

"இது எல்லார் காதுக்கும் சேரும் பாப்பா" என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டினார். அது அவள் வீட்டில் இருப்பதன் உடன்பிறப்பு.

"அப்போ எல்லார்ல நான் சேர்த்தி இல்லையா?"

கடைக்காரர் அதைத் திரும்ப உள்ளே வைத்தார். அப்போது பக்கத்தில் நின்ற ஒரு மாமா, புதிதாக வாங்கிய இயர்போன் பெட்டியைத் திறந்தார். உள்ளிருந்து குட்டிப் பை ஒன்று விழுந்தது. அதில் இயர்போன் முனையில் மாட்டும் ரப்பர் தொப்பிகள் இருந்தன. பெரிதாக ஒரு ஜோடி, சிறிதாக ஒரு ஜோடி.

"மாட்டியிருக்கறதே எனக்குச் சரியா இருக்கு. இது எதுக்கு, குப்பை" என்று மாமா அதைத் தள்ளி வைத்தார்.

"மாமா, அந்தக் குப்பையை நான் எடுத்துக்கட்டுமா?" என்று பொத்தான் பாய்ந்தாள்.

வீட்டுக்கு வந்து சின்னத் தொப்பிகளை மாட்டினாள். இடது காதில் பூப்போல உட்கார்ந்தது. வலி இல்லை, உறுத்தல் இல்லை. வலது காதிலோ மறுபடியும் நழுவியது. கண்ணாடியில் நன்றாகப் பார்த்தாள். அவளுடைய வலது காது, இடது காதைவிடவும் குட்டி!

"பொத்தான்லயும் சின்னப் பொத்தான்" என்று அப்பா கிசுகிசுத்தார்.

பொத்தான் யோசித்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் சின்னத் தொப்பி வருமென்றால், இந்தக் கட்டடத்தில் எத்தனை வீடு, எத்தனை பெட்டி! எல்லா வீட்டு இழுப்பறையிலும் அவை சும்மாதானே தூங்கிக்கொண்டிருக்கும்?

ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மாடி வீட்டுப் பெயின்டர் அண்ணன் மூன்று இழுப்பறைகளைக் கவிழ்த்தார். தொப்பி கிடைத்தது. கூடவே, தொலைந்துபோன அவருடைய வீட்டுச் சாவியும் கிடைத்தது. "நீ தினமும் வா" என்று சொல்லி அனுப்பினார். எதிர் வீட்டுத் தாத்தா காது கேட்கும் கருவியின் தொப்பியையே கழற்றிக் கொடுக்கப் பார்த்தார். "அது உங்களுக்கு வேணும் தாத்தா!" என்று பொத்தான் தடுத்துவிட்டாள்.

கீழ் வீட்டுத் தையல்கார அக்கா ஊசி டப்பாவைத் திறந்தார். "இது ரொம்பக் குட்டியா இருக்குன்னு தூக்கிப் போடப் போனேன். மனசு வரல. ஊசி முனைக்கு மூடியா வச்சிருக்கேன்" என்று பச்சை நிறத்தில் ஒரே ஒரு தொப்பியை நீட்டினார். "இதுக்கு ஜோடி இல்லையே கண்ணு, பரவாயில்லையா?"

"என் காதுக்கும் ஜோடி இல்லக்கா!"

எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தாள். ஒவ்வொன்றாக வலது காதில் போட்டுப் பார்த்தாள். ஒன்று பெரிது, ஒன்று குத்தியது, ஒன்று உள்ளேயே போகவில்லை. கடைசியில் அந்தப் பச்சைத் தொப்பியை மாட்டினாள். தலையை ஆட்டினாள். குதித்தாள். விழவில்லை!

கீபோர்டில் இடது கையை வைத்தாள்.

தடக் தடக். தடக் தடக்.

காதுக்குள் ஒரு ரயில் நிலையமே திறந்துகொண்டது. வழக்கமாகத் திருகும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்ட வேண்டியதும் இல்லை, பாதிக்குக் குறைத்தும் துல்லியமாகக் கேட்டது. எந்த இடத்தில் சக்கரம் தடுக்கியது என்பதும் கேட்டது. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தாள். தடுக்கியது. மறுபடி தடுக்கியது. பிறகு ஒரு முறை வழுக்கிக்கொண்டு போனது. பொத்தான் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

புதன்கிழமை ஒத்திகையில் இசை மிஸ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பாதிப் பாட்டில் கட்டிய கை அவிழ்ந்தது. பாட்டு முடிந்ததும், "சக்கரம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"கீழ் வீட்டுத் தையல்கார அக்கா வீட்டுலேர்ந்து, மிஸ்" என்றாள் பொத்தான்.

விழா மேடையில் இயர்போன் தேவையில்லை. ஆளுயர ஒலிபெருக்கிகள் இருந்தன. முன்வரிசையில் அம்மா கண்ணை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பொத்தான் ஒரு முறை அவரைப் பார்த்தாள். பிறகு ரயிலைக் கிளப்பினாள்.

பயணிகள் சிரித்தார்கள், சீட்டி அடித்தார்கள். சக்கரம் ஒரு இடத்திலும் தடுக்காமல் உருண்டது. முன்வரிசைக் கால்கள் எல்லாம் தாளம் போட்டன. ரயில் கடைசி நிலையத்துக்கு வந்து நின்றதும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. அதிலும் அப்பா விரலை வாயில் வைத்து அடித்த விசில் இருக்கிறதே! வருடம் முழுக்க வீட்டில் சேர்த்து வைத்திருந்த சத்தத்தை எல்லாம் அவர் அன்றைக்கே செலவழித்துவிட்டார்.

அம்மா ஓடிவந்து பொத்தானைக் கட்டிக்கொண்டார். "தூக்கத்துல டொக்கு டொக்குன்னு கட்டையைத் தட்டற சத்தம் மட்டும் கேக்கும். இவ என்னதான் பண்றான்னு நினைப்பேன். அதுக்குள்ள ஒரு ரயிலே ஓடிக்கிட்டு இருந்துச்சாடா?"

மேடைக்குப் பின்னால் ஏழாம் வகுப்பு அக்கா அவளைத் தனியாக இழுத்துப் போனாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். அங்கேயும் ஒரு குட்டிக் காது!

"உன் தொப்பிக் கதையைக் கேள்விப்பட்டேன். எனக்கும் இயர்போன் நிக்கவே மாட்டேங்குது. மிச்சம் இருக்கா?"

"கிண்ணம் நிறைய இருக்குக்கா. நாளைக்கே கொண்டு வரேன்!"

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகக் கீபோர்டிடம் போனார். இயர்போன் கம்பியைத் தன் கையாலேயே பிடுங்கி எடுத்தார்.

"இன்னிக்கு எனக்கு லீவு. இன்னொரு தடவை ஓட்டு. சத்தமா!"

பொத்தான் ரயிலைக் கிளப்பினாள். அப்பா மிக்ஸியைப் போட்டார். அன்று அந்த வீட்டில் யாரும் கிசுகிசுக்கவில்லை.