வாய் கொப்பளிங்க மாமா!

ட்ரிங்... ட்ரிங்...

தலையணைக்கு அடியில் செல்போன் அலறியது.

கண்டக்டர் இருமிக்கொண்டே எடுத்தார். ரிட்டயராகி நாலு வருஷமாகியும் அந்தக் குடியிருப்பில் அவர் பெயர் கண்டக்டர்தான். முப்பது வருஷம் டீசல் புகை, முப்பது வருஷம் சிகரெட். நுரையீரல் கந்தலாகிவிட்டது!

"டாக்டரம்மாவா? சொல்லுங்க..."

"ரிப்போர்ட் வந்துடுச்சு சார். மறுபடியும் நிமோனியா! ஆறு மாசத்துல மூணாவது. உடனே அட்மிட் ஆகணும்."

"எப்படிம்மா போவேன்? கதவு வெளியில தாழ்ப்பாள்! தூசி ஆகாதுன்னு மாப்பிள்ளை பூட்டிட்டுத்தான் போவாரு."

மூன்றாவது மாடி. ஜன்னலில் கம்பி. உடம்பில் நூற்று மூன்று டிகிரி. பாத்ரூமுக்கு நாலே எட்டு, அதற்கே நடுவில் சுவரைப் பிடித்து நிற்க வேண்டும். நரகம்!

"இன்ஹேலர் ஒழுங்கா இழுக்குறீங்களா?"

"ரெண்டு வேளையும். மாப்பிள்ளையே எடுத்துக் குடுப்பாரு. இழுத்ததும் வாய் கொப்பளிக்கத் தண்ணியும் குடுப்பாரு. தங்கமான மனுஷன்!"





"வாய் கொப்பளிக்கச் சொல்றது ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு சார். அதை நான் நிறுத்தி நாலு மாசமாச்சு! சிலருக்கு அது தேவைதான். உங்களுக்கு அதனால நிமோனியா வர்ற வாய்ப்பு கூடுதுன்னுதான் மாத்தினேன். புதுசுல ஸ்டீராய்டே கிடையாது. எதுக்குக் கொப்பளிக்கணும்?"

கண்டக்டர் இன்ஹேலரை எடுத்தார். பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளிருந்து உலோகக் குப்பியை உருவினார்.

லேபிள் சுரண்டப்பட்டிருந்தது!

கூடு புதுசு... குப்பி பழசு!

வெளியே செருப்புச் சத்தம்.

"வந்துட்டாரும்மா... வெச்சுடாதீங்க!"

ஸ்பீக்கர் போட்ட போன் தலையணைக்கு அடியில் போனது. தாழ்ப்பாள் விலகியது.

மருந்துக்கடை மாப்பிள்ளை சிரித்த முகமாக உள்ளே வந்தார். கையில் தண்ணீர் டம்ளர்.

"இழுத்துட்டு வாய் கொப்பளிங்க மாமா!"

"எதுக்கு மாப்ளே?"

மாப்பிள்ளையின் பார்வை குப்பியில் விழுந்தது. சிரிப்பு காணாமல் போனது.

பதினைந்து வருஷம்... கவுன்ட்டரில் அந்த மருந்தை நீட்டும்போதெல்லாம் சொன்ன வார்த்தை. கொலை செய்யும்போதும் வாய் தானாகவே சொல்லித் தொலைத்திருக்கிறது!

"கண்டுபிடிச்சிட்டீங்களா? பரவாயில்ல. வெளிநாட்டு வேலை கையில இருக்கு. அப்பாவ விட்டுட்டு வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா உங்க பொண்ணு. நான் என்ன பண்ண?"

"அதுக்காகக் கொல்லுவீங்களா?"

"நானா? நிமோனியா மாமா! இந்த வியாதிக்காரங்களுக்குச் சகஜம். வேணும்னா கத்திப் பாருங்க. ரெண்டு வார்த்தைக்கு நாலு தடவை இருமுறீங்க!"

குப்பியைப் பிடுங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் நுழைந்தார். அங்கே வென்டிலேட்டர் ஜன்னல், குப்பியை வெளியே வீசிவிடலாம். நேர்கீழே குப்பைத்தொட்டி.

கண்டக்டர் எழுந்தார்.

ஒரு எட்டு. நெஞ்சு கிழிந்தது.

இரண்டு. கண் இருட்டியது.

மூன்று. சுவரைப் பிடிக்கக் கை தாவியது... பிடிக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் பிடிக்காமல் நின்ற கால்கள்!

நான்கு.

டக்!

பாத்ரூமின் வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

"மாமா! தொறங்க மாமா!" கதவு அதிர்ந்தது.

தலையணைக்கு அடியிலிருந்து ஓர் அழுகைக் குரல். ஆபீஸ் போயிருப்பதாக மாப்பிள்ளை நம்பிக்கொண்டிருந்த மகள்!

"அப்பா! ரிப்போர்ட் வாங்க வந்தேன்ப்பா... டாக்டர் பக்கத்துலதான் இருக்கேன். எல்லாத்தையும் கேட்டுட்டேன்! போலீசும் ஆம்புலன்சும் வருது!"

கண்டக்டர் சரிந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கதவில் முதுகைச் சாய்த்தார்.

"அவ வர்ற வரைக்கும் சும்மா ஏன் இருக்கீங்க மாப்ளே? உள்ள தண்ணி இருக்குல்ல... நல்லா வாய் கொப்பளிங்க!"