ஐந்தாம் கட்டிலின் சூடு

வத்தலக்குண்டு போகிற பஸ்ஸிலிருந்து அல்போன்சா இறங்கியபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ஆனாலும் ஐப்பசி மேகம் தாழ இறங்கி வெளிச்சத்தை விழுங்கியிருந்தது. ரோட்டோரம் ஒரு டிரஸ்ட் நடத்துகிற பிரசவ ஆஸ்பத்திரி. மதுரையில் பதினோரு வருஷம் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தவள், சொந்த ஊர்ப் பக்கம் வேலை கிடைத்த சந்தோஷத்தோடு வந்திருந்தாள்.

ஆயா ஜக்கம்மாள் மாடி வார்டைக் காட்டினாள். ஆறு கட்டில்கள். மழைக்கு ஆள் வராமல் எல்லாமே காலியாகக் கிடந்தன. பினாயில் வாடைக்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடை, பூ அழுகின மாதிரி. ஜன்னலோரம் ஐந்தாம் கட்டிலில் விரிப்பு லேசாகச் சுருங்கியிருந்தது. இழுத்துவிடலாம் என்று கை வைத்தவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

சுட்டது. வெயில் பட்ட சூடு இல்லை. காய்ச்சல்காரியின் நெற்றியைத் தொட்டது போன்ற சூடு.

“அதுல யாரையும் போடுறதில்ல தாயி” என்றாள் ஜக்கம்மாள். “சுவத்துக்குள்ள கரண்டு ஒயர் போகுதாம். மெத்தையக்கூட ரெண்டு தரம் மாத்தியாச்சு.”

ஒரு மணி வாக்கில் பானுப்ரியாவைக் கொண்டுவந்தார்கள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். இருபத்து மூன்று வயசு, பதினெட்டு வாரக் கர்ப்பம். முதல் நாள் காலையில் பூப்பறிக்கும்போதே பனிக்குடம் உடைந்து தண்ணீர் போய்விட்டது. புருஷன் பாண்டியராஜ் நனைந்த சட்டையோடு அவள் கையைப் பிடித்தபடி வந்தான். நாலாம் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

அல்போன்சா டாப்ளர் கருவியை வயிற்றில் வைத்தாள். குழந்தையின் துடிப்பு கேட்டது. டக்டக்டக்டக். வேகமாக, விடாமல்.

பாண்டியராஜ் முகம் மலர்ந்தது. “புள்ள நல்லா இருக்குல்ல சிஸ்டர்?”

அல்போன்சா குனிந்து வயிற்றில் படிந்த ஜெல்லைத் துடைத்தாள். பதினெட்டு வாரத்தில் தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டால் பிள்ளை பிழைக்க வழியில்லை. தாயையாவது காப்பாற்ற வேண்டுமானால் உடனே கர்ப்பத்தை வெளியேற்ற வேண்டும். நேரம் போகப் போகக் கிருமி ஏறும்.

டாக்டர் தேவதர்ஷினி வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். வார்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டு அங்கிருந்தே கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கினார்.

“துடிப்பு இருக்கா?”

“இருக்கு டாக்டர். ஆனா தண்ணி சுத்தமா இல்ல. நாடி நூத்திப் பத்து.”

“ஆன்டிபயாட்டிக் போடுங்க. துடிப்பு நிக்கிற வரைக்கும் இங்க எதுவும் செய்யக்கூடாது.”

“சட்டம் விடுதே டாக்டர்?”

“சட்டம் விடும். டிரஸ்ட் விடாது. இந்தக் கட்டடத்துக்குள்ள கருக்கலைப்புங்கிற பேச்சே கூடாதுன்னு எழுதி வாங்கித்தான் வேலை கொடுத்திருக்காங்க. வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா ஏன் அனுப்புனன்னு விசாரணை. கேஸு, பேப்பரு…” பேசிக்கொண்டிருந்தவரின் பார்வை ஒரு நொடி ஐந்தாம் கட்டில் பக்கம் போய்ச் சட்டென்று திரும்பியது. “காலைல பாக்கலாம்.”

படியில் அவர் இறங்கிப்போன சத்தம் ஓட்டம் மாதிரி இருந்தது.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. அல்போன்சா செல்போன் வெளிச்சத்தில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லிய குரலில் கேட்டார்கள்.

“சிஸ்டர், துடிப்பு நின்னுருச்சா?”

“இன்னும் இல்லம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

பானுப்ரியா வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாண்டியராஜ் டீ வாங்கக் கீழே போயிருந்தான்.

வார்டில் வேறு யாரும் இல்லை.

நாலரைக்குக் காய்ச்சல் நூற்றி ஒன்று. ஐந்து மணிக்கு நூற்றி இரண்டு. போர்வைக்கு அடியிலிருந்து வாடை வரத் தொடங்கியது. வந்தவுடன் அவள் மோந்த அதே அழுகின பூ வாடை. பானுப்ரியாவின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

“சிஸ்டர்… அந்த அக்காவைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. அவங்க கை கொதிக்குது.”

“எந்த அக்கா?”

“மத்தியானத்துலேர்ந்து எம் பக்கத்துலதான இருக்காங்க. இங்க இருக்காத, எந்திரிச்சுப் போயிருன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. பாவம், சேலையெல்லாம் ஈரம்.”

அல்போன்சா திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

அப்போதுதான் அது கேட்டது.

டக்டக்டக்டக்.

டாப்ளர் கருவி மேஜைமேல் இருந்தது. அணைத்து, வயரைச் சுற்றி அவள்தான் வைத்திருந்தாள். சத்தம் அதிலிருந்து வரவில்லை. ஐந்தாம் கட்டிலிலிருந்து வந்தது. மெத்தைக்குள் ஒரு சின்ன நெஞ்சு அடித்துக்கொள்வது போல.

வராந்தாவுக்கு ஓடினாள். துடைப்பத்தைப் பிடித்தபடி சுவரோடு சுவராக ஒண்டி நின்றாள் ஜக்கம்மாள்.

“யாருக்கா அது?”

“உனக்கும் கேட்ருச்சா?” ஜக்கம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். “மலர்விழின்னு ஒரு புள்ள தாயி. போன வருசம் இதே மாதிரிதான் தண்ணி ஒடஞ்சு வந்துச்சு. ஒண்ணே முக்கா நாளு அந்தக் கட்டில்ல கெடந்துச்சு. துடிப்பு நின்னாத்தான் வைத்தியம்னு சொல்லிட்டாகல்ல, அரை மணிக்கொருக்கா என்னையக் கேக்கும், நின்னுருச்சாக்கா, நின்னுருச்சாக்கான்னு. பெத்தவ வாயால கேக்குற கேள்வியா அது? கடைசில ரெண்டு துடிப்பும் ஒண்ணாத்தான் நின்னுச்சு.”

அல்போன்சா அதற்குமேல் கேட்கவில்லை. கீழே ஓடி டாக்டர் அறைக் கதவைத் தள்ளினாள்.

“நாடி நூத்தி முப்பது டாக்டர். பிரஷர் இறங்குது. திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நான் நூத்தியெட்டுக்கு போன் போடப் போறேன்.”

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேவதர்ஷினி தலையைக் கைகளில் தாங்கி உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் குரல் கேட்டுச்சா சிஸ்டர்?”

அல்போன்சா செல்போனில் நூற்றியெட்டை அழுத்தினாள்.

“வீட்டுலயும் எனக்குக் கேக்கும். எம் பிள்ளைக்குப் பால் ஆத்தும்போது கேக்கும்.” பேனாவை எடுத்தார். திண்டுக்கல்லுக்கு அனுப்பும் சீட்டை எழுதினார். “நான் கையெழுத்துப் போடுறேன். வேலை போனாப் போகட்டும். நீங்களும் கூடப் போங்க.”

ஸ்ட்ரெச்சரை அவர்கள் மூவருமாகத்தான் தூக்கினார்கள். பாண்டியராஜ் தலைப்பக்கம், அல்போன்சாவும் ஜக்கம்மாளும் கால்பக்கம். அந்தக் குறுகலான படியில் அவ்வளவு கனத்தையும் இறக்கியது எப்படி என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கு விளங்கவில்லை. தன் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை கம்பியைப் பிடித்திருந்ததும், அந்தப் பக்கமெல்லாம் அனலாக அடித்ததும் மட்டும் ஞாபகம் இருந்தது.

ஆம்புலன்ஸ் மழையைக் கிழித்துக்கொண்டு பறந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் துடிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. நேரே தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். எட்டு மணிக்கு வெளியே வந்த டாக்டரம்மா பாண்டியராஜிடம் சொன்னார்: “உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா கர்ப்பப்பையக் காப்பாத்த முடியலப்பா. கிருமி அம்புட்டுத் தூரம் ஏறிருச்சு. மத்தியானமே செஞ்சிருந்தா இது வந்திருக்காது.”

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பூக்கூடை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதான்.

மறுநாளே அல்போன்சாவை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். டாக்டர் தேவதர்ஷினி தானாகவே நின்றுகொண்டார். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைத் திருப்பித் தர மூன்று வாரம் இழுத்தடித்தார்கள்.

அவற்றை வாங்க அவள் போன அன்று நல்ல வெயில். கேட்டை நெருங்கும்போது உள்ளேயிருந்து ஒரு கர்ப்பிணி விறுவிறுவென்று வெளியே வந்தாள். பின்னாலேயே புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு, “ஏ ஃபாயிஸா, நில்லு! டோக்கன் போட்டாச்சு, எங்க போற?” என்று கூப்பிட்டபடி ஓடிவந்தான். அவள் நிற்காமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

“என்னம்மா, ஏதும் பிரச்சினையா?” என்று அல்போன்சா குனிந்து கேட்டாள்.

“மூணு நாளா ரத்தம் படுதுக்கா. காட்டலாம்னு வந்தோம். உள்ள ஒரு அக்கா மாடிப்படியில நின்னுக்கிட்டு, இங்க வேணாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னுட்டாங்க.”

“படியில யாருமே இல்லைங்கக்கா” என்றான் புருஷன். “இவளாப் பேசுனா, இவளாத் திரும்பிட்டா.”

“யாரும் இல்லையா? கையப் பிடிச்சு இழுத்து வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்களே!”

ஃபாயிஸா புர்காக் கையை மேலே ஏற்றினாள்.

மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம். கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டது போல் சிவந்து, அல்போன்சா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கொப்புளம் கட்டிக்கொண்டு வந்தது.