பத்தாம் வீட்டுச் சத்தம்

உலு திராம் என்கிற மலாய் நாட்டு ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. நம் கதை நடந்த ஆண்டு 1934. அந்தத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பத்து வீடுகள். ஒன்பது வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். பத்தாம் வீட்டில் யாரும் இல்லை. இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

முன்பு அங்கே சபாபதி என்கிற ரப்பர் பால்வெட்டுக்காரர் தனியாக இருந்தார். தனியாகவே இறந்தும் போனார். அதன் பிறகு அந்த வீட்டைச் சும்மா கொடுத்தாலும் யாரும் குடிபோகவில்லை. "மனுசன் இன்னும் உள்ள கத்தி தீட்டிக்கிட்டுத்தான் இருக்காரு" என்று பேசிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் வீட்டுப் புஷ்பவள்ளிக்குப் பத்து வயது. அவளுக்கு இருட்டு என்றால் பயம், பூரான் என்றால் பயம், வாய்ப்பாடு என்றால் ரொம்பப் பயம். ஆனால் எவ்வளவு பயந்தாலும் எட்டிப் பார்க்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம் அம்மா அங்கம்மா ஆற்றுக்குத் துவைக்கப் போயிருந்தாள். தம்பி ஜெயபாலன் தூளியில் தூங்கினான். காற்று அசையவில்லை. ரப்பர் காய்கள் வெயிலில் பட், பட் என்று வெடித்தன. கொட்டைகள் தகரக் கூரையில் விழுந்து உருண்டன. அது பழகிய சத்தம்.

அதற்கு நடுவே பழகாத சத்தம் ஒன்று கேட்டது.

சர்... சர்... சர்...

பத்தாம் வீட்டுக்குள், தரையில் எதையோ யாரோ தேய்க்கிறார்கள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைச் சுவர். அதன் அடியில் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஒரு துளை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் துளை வழியாக ஒரு ரப்பர் கொட்டை உருண்டு வந்து, அவள் காலடியில் நின்றது.

தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

அலறலாமா என்று யோசித்தாள். தம்பி விழித்துக்கொள்வான். எனவே விளக்குமாற்றால் கொட்டையைத் துளைக்குள் திரும்பத் தள்ளினாள். சர்... சர்... மறுபடி உருண்டு வந்தது. மறுபடி தள்ளினாள்.

இப்படியே மூன்று மத்தியானம் போயிற்று. மூன்றாம் நாள் அவளுக்குப் பயம் பாதியாகக் குறைந்துவிட்டது. விளக்குமாற்றை வைத்துவிட்டுக் கையாலேயே உருட்டினாள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வேப்பிலை அடித்து மந்திரிப்பார்கள், கசப்புக் கஷாயமும் குடிக்கச் சொல்வார்கள்.

நான்காம் நாள் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பின்னால் இருந்த இடம் காலியாகவே கிடந்தது. அது அர்ச்சுனனுடைய இடம். கோத்தா திங்கியில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று அவன் அம்மா தனலெட்சுமி வாத்தியாரிடம் சொல்லியிருந்தாள். புஷ்பவள்ளிக்கு அதில் மகிழ்ச்சிதான். ரப்பர் கொட்டையைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, சூடேறியதும் அவள் பிடரியில் வைப்பது அவன் வழக்கம்.

பிடரியைத் தடவிக்கொண்டவள் அப்படியே நின்றுபோனாள். செத்துப்போன பெரியவருக்கு இந்த விளையாட்டு எப்படித் தெரியும்?

அன்று மத்தியானம் தரையில் படுத்துத் துளையில் கண்ணை வைத்தாள்.

"அர்ச்சுனா?"

சத்தம் நின்றது. அந்தப் பக்கம் இருட்டில் ஒரு கண் தெரிந்தது. பிறகு ஒரு விரல் தெரிந்தது. விரல் முழுக்க நீர்க்கொப்புளங்கள்.

"கிட்ட வராத புஷ்பா. எனக்குச் சின்னம்மை போட்டிருக்கு."

"அப்ப கோத்தா திங்கி?"

"அது பொய். ஆஸ்பத்திரி டிரெசர் ஐயாவுக்குத் தெரிஞ்சா, அம்மை போட்டவங்களை விடுற காட்டோரக் கொட்டகையில கொண்டுபோய் விட்டுடுவாராம். அங்க புலி வரும். அதான் அம்மா என்னை இங்க ஒளிச்சு வெச்சிருக்கு. பகல்ல தனியா இருக்கப் பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்" என்றாள் புஷ்பவள்ளி.

உடனே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மூன்றாம் தடவை கழுவும்போதுதான் அவளுக்கு ஆயாக் கொட்டகை நினைவு வந்தது.

பால் வெட்டப் போகிற தாய்மார்கள் குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். தினமும் விடியற்காலையில் தம்பியைத் தூக்கிக்கொண்டு போவது புஷ்பவள்ளிதான். பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை பதினான்கு தூளிகளையும் அவள்தான் ஆட்டிவிடுவாள். அதில் ஒன்று மணியத்துடையது. மலேரியாவில் பிழைத்து எழுந்த குழந்தை. தூக்கினால் கோழிக்குஞ்சு கனம்தான் இருக்கும்.

நாளைக்குப் போனால் மணியத்துக்கு ஒட்டிக்கொள்ளலாம். போகாமல் இருந்து காரணம் சொன்னால் அர்ச்சுனனைப் புலிக்காட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பொழுது சாயும் நேரத்தில் எழுந்து, கோயிலடி வேப்பமரத்துக்குப் போனாள்.

விடியற்காலையில் அங்கம்மா பால்வாளியோடு கதவைத் திறந்தாள். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வெளியே வெள்ளைப் பனிமூட்டம். வேலைக்குப் போகிறவர்கள் அந்த இலையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.

"யாருடி கட்டினது?"

"நான்தாம்மா."

அங்கம்மா மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. "அம்மன் வராத வீட்டுல வேப்பிலை கட்டினா, கூப்பிட்ட மாதிரி ஆயிடும் புள்ள."

"கூப்பிடலைம்மா. வந்தா நம்ம வாசலோட நிக்கட்டும்னுதான் கட்டினேன். அம்மை போட்ட ஆளோட விளையாடிட்டேன். நானும் தம்பியும் ஆயாக் கொட்டகைக்குப் போக மாட்டோம். மணியத்துக்கு வந்தா தாங்க மாட்டான்."

"யாரோட விளையாடினே?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அங்கம்மா இலைக்கொத்தின் முடிச்சை இறுக்கிக் கட்டினாள். "தம்பியைப் பார்த்துக்க. நான் சின்ன வயசுலயே அம்மை பார்த்தவ, எனக்கு வராது" என்று சொல்லி வாளியை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தனலெட்சுமி வந்தாள். இலையைக் கண்டு நின்றுவிட்டாள்.

"யாருக்குக்கா?"

"யாருக்கும் இல்ல. வந்துடுமோன்னு எம்மக தானே உள்ள உட்கார்ந்துக்கிட்டா. மணியத்துக்கு ஒட்டக் கூடாதாம்."

தனலெட்சுமியின் முகம் வெளுத்தது. வந்த வழியே திரும்பிப் போனாள்.

அன்று மத்தியானம் பத்தாம் வீட்டுக் கதவிலும் வேப்பிலை தொங்கியது. லயமே நடுங்கிப்போனது. "பேய்க்கே அம்மை போட்டுடுச்சா?" என்று ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அதைக் கட்டியவள் தனலெட்சுமி. டிரெசர் ஐயாவிடம் தானே போய் உண்மையைச் சொல்லி, கையோடு அழைத்தும் வந்திருந்தாள். டிரெசர் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு வீடும் கோடியிலதான் இருக்கு. காட்டுக் கொட்டகை வேணாம், பையன் இங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு ஒன்பதாம் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "நல்ல நேரத்துல உள்ள உட்கார்ந்தே. வந்தா ரெண்டு வாரத்துல வரும். மூணு வாரம் வெளியே வரக் கூடாது."

"பள்ளிக்கூடத்துக்கும் போகக் கூடாதா ஐயா?"

"கூடாது."

"வாய்ப்பாடு?"

"அதுவும் வேணாம், படுத்துக்க."

சின்னம்மை அப்படியொன்றும் கெட்டது இல்லை என்று புஷ்பவள்ளி நினைத்தாள்.

ஒரு வாரத்தில் அர்ச்சுனனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அவனுடைய வீட்டுக்கே அழைத்துப் போனார்கள். பத்தாம் வீட்டைப் பூட்டினார்கள். அதற்குச் சில நாள் கழித்துப் புஷ்பவள்ளியின் கழுத்தில் முதல் கொப்புளம் வந்தது. தம்பிக்கும் ஐந்தாறு வந்தன. அவன் அவற்றோடு சிரித்துக்கொண்டே கிடந்தான்.

அவளுக்குத்தான் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மறுநாள் விடியற்காலை, அம்மா வாளியை எடுக்கும் நேரம், அந்தச் சத்தம் கேட்டது.

சர்... சர்...

துளை வழியாக ஒரு ரப்பர் கொட்டை உருண்டு வந்தது. புஷ்பவள்ளி கையில் எடுத்தாள். ஆற்றுக் கல் போல அது ஜில்லென்று இருந்தது.

"அம்மா, அர்ச்சுனன் வந்திருக்கானா?"

"இந்நேரத்துலயா? அந்த வீடு பூட்டிக் கிடக்கு. சாவி டிரெசர் ஐயாகிட்ட இருக்கு."

"ஆயாக் கொட்டகையில யாருக்காவது அம்மை வந்துச்சா?"

"ஒரு பிள்ளைக்கும் இல்ல. மணியம் நேத்து முத முறையா குப்புறப் படுத்தானாம். நீ தூங்கு."

அம்மா போன பிறகு புஷ்பவள்ளி துளையைப் பார்த்தாள். ஒரு வீட்டுக்குள்ளேயே தனியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"உங்களுக்கும் பொழுது போகலையா தாத்தா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் அந்தக் குளிர்ந்த கொட்டையைக் கொதிக்கிற நெற்றியில் வைத்துக்கொண்டாள். சுகமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதைத் துளைக்குள் திரும்ப உருட்டிவிட்டாள்.

இனி அவர் முறை.