சுண்டுவுக்குப் பதிலாக ஒருத்தி

"ஐயோ...!"

பெரியாயியின் அலறலில் மலைச்சரிவே அதிர்ந்தது. கொழுந்துக் கூடை முதுகிலிருந்து நழுவி உருண்டது.

தேயிலைச் செடிகளுக்குக் கீழே, பாறை இடுக்கில்... ஒரு உடல்!

நாடே பார்த்துச் சிரித்த முகம்.

"நம்ம சுண்டு...!"

சுண்டுவின் நிஜப்பெயர் கணபதி. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். வாரந்தோறும் டி.வி.யில் வரும் சிரிப்பு நாடகத்தில், கதாநாயகன் மர்ஸூக்கின் எடுபிடி அவன்தான். லுணுகலை ரேடியோக் கடை வாசலில் ஜனம் முண்டியடிப்பது மர்ஸூக்கைப் பார்க்க அல்ல. சுண்டுவைப் பார்க்க!

படப்பிடிப்புக்காக நாடகக் குழு ஹாலிஎலவில் ஒரு பங்களாவில் தங்கியிருந்தது. அதன் பின்பக்கம்தான் இந்தப் பள்ளம்.

"குடிச்சிட்டு வழுக்கி விழுந்திருக்கான்," என்றார் டைரக்டர் ஜுனைதீன்.

"அவரு குடிக்க மாட்டாருங்க!"

கணபதியின் மனைவி ரெங்கம்மா கத்தினாள். யாரும் காதில் வாங்கவில்லை... பதுளை இன்ஸ்பெக்டர் அலவியைத் தவிர.

கருமாதி முடிந்த மறுநாள் ஜுனைதீன் லயத்துக்கே வந்தார்.

"சுண்டு இல்லாம நாடகம் ஓடாது, ரெங்கம்மா. அவனை மாதிரியே நடந்து, பேசி நீ லயத்துல சிரிக்க வைப்பியாமே? சுண்டுவோட பொண்டாட்டியா நீ வா!"

கணபதி தன் வசனங்களை ராத்திரியெல்லாம் அவளிடம்தான் பேசிப் பார்ப்பான். அவள் சிரித்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

ரெங்கம்மா நிமிர்ந்தாள்.

"வர்றேங்க."

லயமே காறித் துப்பியது. "புருஷன் குழி மண்ணு காயல்ல... இவ கூத்தாடப் போறா!"

அவள் துணிமூட்டையைக் கட்டினாள்.

பங்களாவில் மேக்கப் முடிந்து உட்கார்ந்திருந்தவளிடம் மர்ஸூக் ஓசையில்லாமல் வந்தான். முகம் வியர்த்திருந்தது.

"தங்கச்சி, நான் செல்றத கேளுங்க. நடிக்க வேணாம். ஊருக்குப் போயிடுங்க."

"ஏங்க?"

"போகல்லன்னா... உங்களுக்கும் அதே பள்ளம்தான்!"

ரெங்கம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

இவனா...? கைதட்டல் எல்லாம் சுண்டுவுக்கே போனதில் வெந்து போனவனா?

"ரெடி...!" வெளியே ஜுனைதீனின் குரல்.

கேமரா ஓடத் தொடங்கியது. கதவைத் தள்ளிக்கொண்டு ரெங்கம்மா வந்தாள்.

சுண்டுவின் அதே கோணல் நடை. தலையில், சுண்டு கழற்றாமல் போட்டிருக்கும் அதே சிவப்புத் தொப்பி!

லைட் பிடித்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே அழுதான்.

"கட்!"

ஜுனைதீன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்தத் தொப்பி... அது எப்படி உன்கிட்ட...?"

"ஏங்க? அவரோடதுதான்."

"பொய்! அதைத்தான் நான் எரிச்..."

சட்டென்று வாயை மூடினார்.

டூ லேட்!

லைட்டுக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் அலவி வெளியே வந்தார்.

"மிச்சத்தையும் சொல்லுங்க டைரக்டர். ஏன் எரிச்சீங்க? ரத்தமா?"

"இது நேத்து நான் தைச்சதுங்க," என்றாள் ரெங்கம்மா. "அவரு உடம்பு கிடைச்சப்ப தொப்பி மட்டும் காணல்ல. இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட அன்னைக்கே சொன்னேன்."

ஜுனைதீன் தரையில் சரிந்தார்.

"புதுக் கதையில மர்ஸூக் அவனை 'தோட்டக்காட்டான்'னு திட்டி அறையணும். நடிக்க மாட்டேன்னான். 'எங்க சனம் சிரிக்கத்தான் வந்தேன், எங்க சனத்தைப் பார்த்துச் சிரிக்க இல்ல'ன்னு கிளம்பிட்டான். அவன் போனா என் நாடகமே போச்சு! கோபத்துல தள்ளினேன்... படிக்கட்டுல மண்டை அடிபட்டது... தூக்கிப் போட்டுட்டேன்..."

"பள்ளத்துல தூக்கிப் போட்டப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா?"

ரெங்கம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

ஜுனைதீன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதுவே போதுமாக இருந்தது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான், முதல் முறையாக, வாய்விட்டு அழுதாள்.

ஜீப் புறப்பட்ட பிறகு மர்ஸூக் தயங்கித் தயங்கி அருகில் வந்தான்.

"சத்தம் எனக்குக் கேட்டுச்சு, தங்கச்சி. வெளிய வரப் பயந்துட்டேன். உங்களையும் கொன்னுடுவான்னுதான் போகச் சொன்னேன்... மன்னிச்சுக்கங்க."

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேற டைரக்டர் வருவாராம். சுண்டுவுக்காக... நீங்க நடிப்பீங்களா?"

ரெங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நடிக்கிறேங்க. ஆனா இனிமே அறையிறது நானு, வாங்குறது நீங்க. ரிகர்சலை இப்பவே வச்சுக்கலாமா?"