எண்ணெய்ப் பலகை

தக்கலையில் அந்த வாடகை வீட்டின் முன் கார் நின்றபோது நல்ல வெயில். வாசலில் படி கிடையாது, அறையை ஒட்டியே வெஸ்டர்ன் டாய்லெட். அதற்காகத்தான் ஷாஜன் இந்த வீட்டைப் பிடித்தான். முதுகெலும்பில் கம்பியும் நான்கு ஸ்க்ரூவும் வைத்துத் தைக்கப்பட்டிருந்த அவன் மனைவி ராகேல், இடுப்பு பெல்ட்டோடு, நட்டுவைத்த கம்புபோல இறங்கினாள். குனியக்கூடாது. திரும்பக்கூடாது. எலும்பு ஒட்டும்வரை அப்படித்தான். ஒட்டாவிட்டால் இன்னொரு ஆப்பரேஷன். அதன்பிறகு நடப்பது சந்தேகம் என்றார் டாக்டர்.

அறைக்குள் கருத்துப்போன கனத்த பலகைக் கட்டில் ஒன்று கிடந்தது.

"எங்க மாமனாரு வர்ம வைத்தியரு. ஆளுகள இதுல படுக்கவச்சுதான் எண்ணெ போட்டுத் தடவுவாரு," என்றாள் வீட்டுக்காரி தேவகனி. "அவரு போனபொறவு இத எடுத்து மாத்த ஆளில்ல."

"எடுக்காண்டாம் அக்கா. டாக்டர் கெட்டிக் கட்டில்தான் வேணும்னாரு," என்றான் ஷாஜன். பைகளை இறக்கக் கை வேண்டியிருந்தது. மடியிலிருந்த வெற்றிலைப் பொதியை எடுத்துப் பலகைமேல் வைத்தான்.

சாயங்காலம் தேடியபோது பொதியைக் காணவில்லை.

"போனா போட்டும். இனியாவது அந்த எழவ விடுங்க," என்றாள் ராகேல்.

வலியைவிட எரிச்சல்தான் அவளைத் தின்றது. கீழே விழுந்த சீப்பை எடுக்க ஆள் வேண்டும். எழுவதென்றால் தோளும் இடுப்பும் ஒன்றாக உருண்டு, காலைத் தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி... அதற்குள் எதற்கு எழுந்தோம் என்பதே மறந்துவிடும். மாத்திரை போட்டால் வயிறு கட்டிக்கொள்ளும். போடாவிட்டால் காலுக்குள் தீ இறங்கும். பார்க்க வந்த சபை ஆட்கள், "மொகத்தப் பாத்தா சீக்குக்காரி மாதிரியே இல்லியே," என்று ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்து, ஜெபித்துவிட்டுப் போனார்கள்.

ஷாஜன் தன் பெயிண்ட் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பலகையை எத்தனை கழுவியும் போகாத எண்ணெய் வாசம் திடீரென்று கனத்தது.

முதுகில் ஒரு கை.

சூடாக இருந்தது. கட்டைவிரல் வால் எலும்பிலிருந்து ஒவ்வொரு கணுவாக அழுத்தி மேலே ஏறியது.

"கடைய அடச்சாச்சா அத்தான்? தையல்ல படாம, பைய," என்றாள்.

விரல் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. வலி வடிந்துகொண்டே போனது. எத்தனையோ மாதம் கழித்து வலியில்லாத ஒரு மூச்சு. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பிப் பார்க்க முடியாது. கட்டையாக உருண்டு முடித்தபோது அறையில் யாருமில்லை.

"மாத்திரைக்க பலன்டி," என்றான், ராத்திரி அதைக் கேட்ட ஷாஜன்.

"நான் மாத்திரையே போடல்ல!"

"அப்ப சொப்பனம்."

"வலின்னாலும் நம்பமாட்டிய, வலிக்கல்லன்னாலும் நம்பமாட்டிய. இது யாருக்க முதுகு?"

அவன் சோற்றைப் பிசைந்து உருட்டி அவள் வாயருகே நீட்டினான். "கோவத்தையும் சேத்து முழுங்கு மக்களே," என்று கொஞ்சினான்.

அடுத்த மத்தியானத்துக்காகக் காத்திருந்தாள் என்பதுதான் வெட்கம். அதற்கடுத்த மத்தியானத்துக்கும்.

பிறகு ஒருநாள், விரல் ஒரே இடத்தில் நின்றது. ஆப்பரேஷன் செய்த இடம்.

நகம் மெல்லத் தட்டியது.

எலும்புக்குள்ளிருந்து 'டிங்' என்று கேட்டது.

"இரும்பு," என்றது காதருகே ஒரு கிழட்டுக் குரல். வெற்றிலை மணந்தது.

"வேண்டாம்..."

"இரும்பு கெடந்தா எலும்பு எப்பிடிக் கூடும்? பையப் பைய எடுத்திருவோம். மூச்ச விடு மக்களே."

உள்ளே ஏதோ திருகியது. வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அதுதான் அவளை அலறவைத்தது.

அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்த தேவகனி, அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பலகையில வெத்தில பாக்கு எதாவது வச்சியளா?"

ராகேலுக்கு ஷாஜனின் பொதி நினைவுக்கு வந்தது.

"வெத்தில வச்சாதான் மாமனாரு வைத்தியம் தொடங்குவாரு. வாங்கிட்டா பாதியில விடமாட்டாரு. படுத்தவுங்க வேண்டாம்னாலும் விடமாட்டாரு."

அன்றைக்கே ஷாஜன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தார். இன்னொன்று எடுக்கச் சொல்லி அதையும் பார்த்தார்.

"வேற எங்கயாவது ஆப்பரேஷன் பண்ணினீங்களா?"

"இல்ல சார்."

"தையல் பிரியவே இல்ல. ஆனா நாலு ஸ்க்ரூவுல மூணுதான் இருக்கு. எலும்பும் இன்னும் ஒட்டல." குரல் தணிந்தது. "அட்மிட் ஆயிருங்க. திரும்பவும் திறக்கணும்."

வார்டில் புது மெத்தை, இரும்புக் கட்டில், டெட்டால் வாசம். ராகேல் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்த ஷாஜனின் மடியில் ஏதோ உறுத்தியது. எடுத்தான்.

காணாமல் போன வெற்றிலைப் பொதி.

இலை வாடவே இல்லை. எண்ணெய் கசிந்தது. பிரித்தான். பாக்கு இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு ஸ்க்ரூ.

"இப்பமாவது நம்புகியளா?" என்றாள் ராகேல், சுவரைப் பார்த்தபடியே.

அவன் இலையைத் திரும்ப மடக்கினான்.

"சரி, கைய எடுங்க அத்தான். சொகமாத்தான் இருக்கு. ஆனா எடுங்க."

ஷாஜனின் இரண்டு கைகளும் அந்தப் பொதியைப் பிடித்திருந்தன.