போட்டு வா

எவரும் பயன்படுத்தாமல் கிடந்த இரண்டாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பஸ்தியாம்பிள்ளை சுவாமி அதனை முதலில் பொருட்படுத்தவில்லை. அது யூலை மாதத்துச் சனிக்கிழமை மாலை. ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் வடிந்துபோகும் சிட்னியின் குளிர்காலத்தில், வென்ட்வேர்த்வில்லுக்கு அப்பாலிருந்த அந்தச் செங்கற் கோவிலுக்குள் ஈரக் கம்பளி மேலாடைகளின் வாடையும் மெழுகின் வாடையும் எரிவாயுக் கணப்பின் கருகல் வாடையும் ஒன்றாய்க் கலந்து தேங்கி நிற்கும். குருவிடம் பாவம் சொல்ல வருபவர் அந்த மரக்கூண்டுக்குள் முழந்தாளிடும் பலகையில் பாரம் ஏறினால் தொட்டிக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். பாரம் இறங்கினால் அணைந்துவிடும். பழைய வயர்கள், ஈரக்காற்று. ஏதோ பழுது என்று எண்ணியவாறே ஊதா நிறத் தோள்பட்டியை முத்தமிட்டுக் கழுத்தில் அணிந்துகொண்டு, எதிர்ச் சுவரோரமிருந்த தமது தொட்டிக்குள் சென்று அமர்ந்தார்.

அந்த இரண்டாம் தொட்டி எமில் சுவாமியுடையது.

யாழ்ப்பாணத்திலிருந்து அவ்விருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். குருக்கள் போதாத மறைமாவட்டத்திற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் கடனாக அனுப்பப்பட்டவர்கள். "நாங்கள் இரவல் சுவாமிமார், பஸ்தி. கீறல் விழாமல் திருப்பிக் குடுக்கவேணும்" என்று எமில் சிரிப்பார். பாசையூர் மீனவரின் மகன். கயிறோ நூலோ எது கையில் அகப்பட்டாலும் வலை இழுப்பவரைப் போலக் கைமாற்றிக் கைமாற்றிச் சுருட்டி வைப்பது அவர் வழக்கம். பங்கு மக்களின் வரிசை எப்போதும் அவருடைய தொட்டிக்கு முன்னால்தான் நீளும். அதில் பஸ்தியாம்பிள்ளைக்குப் பொறாமை இருந்ததில்லை. அவரும் அந்த வரிசையில் நிற்பவர்தாம்.

வந்த முதலாண்டில் அவருக்குச் செபம் வறண்டுபோயிற்று. பலிபீடத்தில் அப்பத்தை உயர்த்தும்போது தம் கையில் இருப்பது வெறும் அப்பமே என்று தோன்றத் தொடங்கியது. குருவுடுப்பைக் கழற்றிவிட்டுப் போய்விடுவதென்று முடிவுசெய்து, அதை எமிலிடமே பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். மரத்தட்டியின் மறுபுறத்திலிருந்து யாழ்ப்பாணச் சுருட்டின் மணத்தோடு அந்தக் குரல் வந்தது: "ஒண்டா வந்தனாங்கள், ஒண்டாத்தான் போவம். நான் நிக்குமட்டும் நீ நில்."

அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே அவர் குருவாக நின்றார்.

அப்படிச் சொன்னவர், இவ்வாண்டுத் தவக்காலத்தில், மெல்பேணில் மூன்று நாள் தியானம் என்று ஒரு சிறிய பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார். "பஸ்தி, போட்டு வாறன்." போய் வருகிறேன் என்பதற்கான ஊர்ச் சொல். பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே இவரும் "ஓம், போட்டு வா" என்றார். எமில் வரவில்லை. அங்கே மல்கிரேவில் ஜோன் என்ற ஆசிரியையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார் என்ற செய்திதான் வந்தது. பங்குத்தந்தை பூசையில் எமில் மேற்படிப்புக்காக மெல்பேணிலேயே தங்கிவிட்டார் என்று பொய் அறிவித்தல் கொடுத்தார். வெறுமையாகிவிட்ட தொட்டிக்குள் கோவிற் பணியாளர் மடக்குக் கதிரைகளை அடுக்கிக் கயிற்றால் கட்டினார்.

இந்த வாரத் தொடக்கத்தில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் ஜோன். மழைத் தெருவில் கார் சறுக்கி எமில் இறந்துவிட்டார். உடல் வீட்டு முன்னறையில் இருக்கிறது. அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்க முடியுமா என்று அவள் கேட்டாள். முடியாது என்றார் இவர். குருத்துவத்தைத் துறந்து மணம் முடித்தவருக்குப் பூசையில்லை என்ற காரணத்தையும் சொன்னார், குளிர்ந்த ஆங்கிலத்தில். அவள் அழவில்லை. இந்த வீட்டில் எவருக்கும் அவருடைய மொழி தெரியாது, ஒரு வார்த்தையேனும் அம்மொழியில் அவர் காதில் விழட்டும், தொலைபேசி வயர் சவப்பெட்டிவரை எட்டும், அவர் காதில் வைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

துணி உரசும் ஓசை. பிறகு ஏதோ ஒரு சுவர்க்கடிகாரத்தின் ஓசை. பிறகு, எதுவுமில்லை.

இறந்தோருக்கான நித்திய இளைப்பாற்றிச் செபத்தை அவர் எத்தனையோ முகமறியா மனிதருக்குச் சொல்லியிருக்கிறார். அன்று நாக்கு அதை நோக்கி அசைய மறுத்தது. என்னை நிற்கச் சொல்லிவிட்டு நீ போனாயே என்பதைத் தவிர நெஞ்சில் வேறெந்தச் சொல்லும் இல்லை. அந்த மௌனத்தை எப்படியேனும் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில், பழகிய வாய் பழகியதைச் சொல்லிற்று.

"சரி... போட்டு வா."

தொலைபேசியை வைத்த பிறகே தாம் சொன்னது அவருக்கு உறைத்தது. செத்தவீட்டிலிருந்து புறப்படுகையில் 'போட்டு வாறன்' என்று சொல்லாத சனம் அவருடையது. சொல்லாமலே எழுந்து நடந்துவிடும். வா என்ற சொல்லை அந்த வாசலில் எவரும் உச்சரிப்பதில்லை. அவரோ அதனைப் பிணத்தின் காதுக்குள்ளேயே சொல்லியிருந்தார்.

இப்போது திரைச்சீலையின் இடுக்கால் எதிர்த் தொட்டியைப் பார்த்தார். சிவப்பு விளக்கு அணைந்தது.

மரக்கதவைத் திறந்துகொண்டு கிழவி மிஸிஸ் கியோ வெளியே வந்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் போய் முழந்தாளிட்டாள். அடுத்து ஒருவர் உள்ளே போனார். விளக்கு எரிந்தது. அடுத்து இன்னொருவர். மனிதர்கள் அங்கே வரிசையாக நின்றிருந்தார்கள், முன்பு நின்றதைப் போலவே. எமில் இறந்த செய்தியை இவர் இன்னும் பங்கில் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய தொட்டிக்கு எவரும் வரவில்லை.

கடைசியாக உள்ளே போய் வந்தவள் ரெஜினா. பரமட்டா ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் யாழ்ப்பாணப் பெண். சனிக்கிழமைகளில் பீடத்துப் பூக்களை மாற்றிக் கோவிலைப் பூட்டுபவள். அவள் நேராக இவருடைய திரைக்கு அருகில் வந்தாள்.

"எமில் சுவாமி வந்திட்டார் எண்டு ஏன் சுவாமி ஒருத்தருக்கும் சொல்லேல்லை? ஒளிச்சு வச்சிருந்தனீங்களோ?"

அவர் தோள்பட்டியின் முனையைப் பற்றிக்கொண்டார்.

"குரல்தான் அடைச்சுப்போய்க் கிடக்கு. தடிமன் போல. மெல்பேண் குளிர் பிடிச்சிட்டுதாக்கும்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கு அபராதச் செபமும் தரேல்லை. பஸ்தியை ஒருக்கா வரச்சொல்லும் பிள்ளை எண்டு மட்டும் சொன்னவர். அப்பிடித்தானோ உங்களைக் கூப்பிடுறவர்?"

அந்தப் பெயரைப் பங்கில் எவரும் அறியார்.

அவள் பூச்சாடிகளை எடுக்கப் போய்விட்டாள். கோவிலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவர் எழுந்து நடந்தார். எதிர்த் தொட்டியின் நடுக்கதவு, குருவானவர் அமரும் இடத்தின் கதவு, இறுகிக் கிடந்தது. இழுத்துத் திறந்தார். நெற்றி உயரத்திற்கு மடக்குக் கதிரைகள். அவற்றின்மேல் தூசி. ஒரு பூனை அமரவும் அங்கே இடமில்லை. அவர் மூச்சு ஓரளவு சீராயிற்று.

பிறகு கயிற்றைக் கண்டார். கதிரைகளைக் கட்டிவைத்திருந்த கயிறு. அது அவிழ்க்கப்பட்டிருந்தது. வட்ட வட்டமாக, ஒழுங்காக, மீனவர் சுருட்டுவதைப் போலச் சுருட்டப்பட்டுக் கிடந்தது.

கதவைச் சாத்தினார். தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே எவருமில்லை. முழந்தாட் பலகை மட்டும், பாரம் ஏறியதைப் போல, அமிழ்ந்திருந்தது.

ஓடியிருக்கலாம். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் அந்தத் தட்டிக்கு அப்பால் அமர்ந்து கேட்கிறார் என்று சொல்லித்தான் இத்தனை ஆண்டுகளாக அவர் சோறு உண்டுவந்தார். இன்று ஓடினால் அத்தனையும் பொய். உள்ளே நுழைந்து முழந்தாளிட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மரம் பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது.

நித்திய இளைப்பாற்றியை, என்று தொடங்கினார். அடுத்த சொல் வரவில்லை. பிள்ளைப் பருவத்திலிருந்து அறிந்த செபம். அடுத்த சொல் வரவில்லை.

தட்டியின் சிறுகதவு மறுபுறத்தில் மெல்ல நகர்ந்தது.

சுருட்டு மணம். அதற்கடியில் ஈரமண்.

"பஸ்தி." அடைத்த குரல். "போட்டு வா எண்டாய். வந்திட்டன்."

அவர் கை கதவைத் தேடிற்று.

"ஒண்டா வந்தனாங்கள். இனிப் போவம்."

போவம். வாறது இல்லாத போவம்.

எழ முயன்றார். கழுத்து பின்னுக்கு வரவில்லை. தோள்பட்டியின் ஒரு முனை தட்டிக்குக் கீழிருந்த இடுக்கில் எப்படியோ நுழைந்திருந்தது. இழுத்தார். அது வரவில்லை.

வெளியே ரெஜினாவின் காலடிகள். ஒவ்வொரு விளக்காக அணைக்கும் ஓசை. கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை.

"சுவாமி," அவள் குரல் வாசலிலிருந்து இலேசாக வந்தது, "போட்டு வாறன்."

தட்டியின் மறுபுறத்திலிருந்து, இப்போது அடைப்பேதுமற்ற, அன்பான, பழைய குரல் பதில் சொன்னது:

"ஓம், போட்டு வாரும் பிள்ளை."

பெரிய கதவு சாத்திக்கொண்டது. பூட்டில் திறப்பு திரும்பியது.

இருட்டில் ஊதா நிறத் துணி இடுக்கினுள் நழுவத் தொடங்கியது. அவசரமில்லாமல். கைமாற்றி. கைமாற்றி.